ஜெசிந்தா செய்து தந்த கால்

ஜெசிந்தா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் போலகத்து ராஜேந்திரன். அவருக்கும் ஜெசிந்தாதான் செயற்கைக் கால் செய்து கொடுத்தவர். பள்ளி இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்தபோது போன் வந்தது. "டீச்சர், நம்ம ஜெசிந்தா போயிட்டாங்க. விடியக்காலையில," என்றார். போனை வைக்க மனம் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

அவரிடம் கால் செய்துகொண்ட உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. எனக்குத் தெரிந்த ஜெசிந்தாவை மட்டும் சொல்கிறேன்.

குரும்பகரத்திலிருந்து அம்பகரத்தூருக்குப் பாடம் நடத்த ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெளியூரில் செய்து தந்த முதல் கால் ஓயாமல் புண்ணாக்கியது. சொன்ன போதெல்லாம் "பழகிடும்" என்றார்கள். எட்டு மாதம் பழகிப் பார்த்தேன். கடைசியில், விருப்ப ஓய்வுக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் காரைக்காலில் இருந்த ஜெசிந்தாவின் பட்டறைக்குப் போனேன். கணவர் கேட்டுக்கொண்டதற்காகப் போனது அது.

என்னைவிட இரண்டு வயது இளையவர். கையெல்லாம் பிளாஸ்டர் மாவு. "எங்க வலிக்குதுன்னு அப்புறம் பாப்போம். என்ன செய்யிறப்ப வலிக்குது, அதச் சொல்லுங்க," என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, "போர்டுல எழுதிட்டுப் பிள்ளைங்க பக்கம் திரும்புறப்ப," என்றேன்.

கருவிப் பெட்டியிலிருந்து சிவப்பு லிப்ஸ்டிக் ஒன்றை எடுத்தார். நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கில்ல டீச்சர், உங்களுக்குத்தான்." புண் இருந்த இடத்துக்கு நேராக, காலுறையின் மேல் அதைத் தடவினார். செயற்கைக் காலை மாட்டி, திரும்பச் சொன்னார். கழற்றியபோது, கால் நுழையும் கிண்ணத்தின் உட்புறத்தில் ஓரிடத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் அரைத்தார். மறுபடி மாட்டித் திரும்பினேன். வலி பாதியாகக் குறைந்திருந்தது. "பழகிக்கிற வலி வேற, சரி பண்ண வேண்டிய வலி வேற. ரெண்டையும் ஒண்ணாக்கி உங்ககிட்ட சொல்லிட்டாங்க," என்றார். நான் அழுதேன். அவர் எழுந்துபோய்க் கருவிகளைக் கழுவினார்.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் விழுந்தேன். கால் கிண்ணத்துக்குள் தளர்ந்துபோயிருந்தது. கோபத்தோடு போனேன். உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "தப்பு என்னோடது. வெட்டுன காலு போகப்போக மெலிஞ்சு வத்தும்னு தெரியும். தெரிஞ்சும் கூடுதலா அரைச்சிட்டேன்," என்றார். எனக்கிருந்த கோபம் அதோடு போய்விட்டது. அந்த விபத்துக்குப் பிறகு என் காலைத் தொட்ட எவரும் அப்படியொரு வார்த்தை சொன்னதில்லை.

புதிதாக அளவெடுத்து வேறு கால் செய்தார். அதோடு விடவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் பள்ளிக்கே வந்து, கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரை அதிகாரி என்று நினைத்து மூச்சுக் காட்டவில்லை. மணி அடித்ததும் என்னிடம் வந்தார்.

"செருப்ப மாத்தினீங்களா?"

"ஆமா. குதி தாழ்வா இருந்தா நல்லதுன்னு வாங்கினேன்."

"அதுதான் முழங்காலப் பின்னால தள்ளுது. பழைய செருப்பு உயரத்துக்குத்தான் நான் கால நிறுத்தியிருக்கேன்."

அன்று மாலை கைப்பையில் இருந்த அந்த ஓய்வுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதன்பிறகு ஒன்பது ஆண்டுகளாக நின்றே பாடம் நடத்துகிறேன்.

ஜெசிந்தாவுக்கு நோய் முற்றியிருந்தபோது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். படுத்திருந்தார், முகம் பாதியாக இளைத்திருந்தது. "வாசல்லேருந்து நடந்து வாங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார். நடந்தேன். "இடது அடி லேசா பிந்துது. ஒரு காலுறை கூடப் போடுங்க. அடுத்த தடவ புதுசு எடுத்துருவோம்." அடுத்த தடவை இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. "சரி ஜெசிந்தா," என்றேன்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். வண்டி ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்களில் யாரும் ஏறவில்லை. ராஜேந்திரன், மீன் விற்கும் ஒரு அம்மா, எனக்குத் தெரியாத பலர். அவர் செய்த கால்களோடு அவருக்குப் பின்னால் போனோம். வழியில் ஒருவர் நின்று கிண்ணத்தைச் சரிசெய்துகொண்டார். அவருக்காக எல்லோரும் நின்றோம்.

கால் மேலும் வற்றிவிட்டது; இப்போது மூன்று உறை போடுகிறேன். புதிய ஆளிடம் போக வேண்டும். இன்னும் மனம் வரவில்லை. தெரிந்திருந்தால் திட்டியிருப்பார்.

பட்டறையைக் காலி செய்தபோது அவருடைய அண்ணன் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தார். என் காலின் பிளாஸ்டர் வார்ப்பு. மேலே 'டீச்சர்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. எலும்பு புடைத்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், தனக்கே சொல்லிக்கொண்டதுபோல், 'இங்கே அழுத்தக் கூடாது'. என் கணக்குப் பாடப் புத்தகங்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். தூசி படிந்தாலும் துடைப்பதில்லை. பென்சில் எழுத்து அழிந்துவிடும்.