அம்மா சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று இருந்தது. அந்தக் கிழமை ஆண்டவர் செய்த நன்மையை யாரும் எழும்பிச் சொல்லலாம். கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து, மல்லாவிப் பக்கத்துக் காட்டோரத்தில் தறப்பாள் கட்டி இருந்தவர்களுக்குச் சொல்ல என்ன நன்மை இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஆனால் சாட்சிகளுக்குக் குறைவிருக்கவில்லை. விழுந்த செல் குண்டு வெடிக்கவில்லை. தொலைந்த ஆடு தானாகத் திரும்பி வந்தது. எண்ணெய் முடிந்த பிறகும் விளக்கு விடியும்வரை எரிந்தது. விளக்குக் கதையைச் சொன்ன கிழவருக்குப் பாஸ்டரே கொஞ்சம் யோசித்துத்தான் ஆமென் சொன்னார்.

அம்மா மட்டும் ஒருநாளும் எழும்பியதில்லை. அவர் மலையகத்தில் பிறந்தவர். கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. வாயைத் திறந்தால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் சபையின் பின்கோடியில் சாக்கு விரித்த இடத்தில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

கிருபை என்பது உழைக்காமல் கிடைப்பது என்று பாஸ்டர் எங்களுக்குப் படிப்பித்தார். நாங்கள் நல்லவர்கள் என்பதற்காக அல்ல, ஆண்டவர் நல்லவர் என்பதற்காக அது வருகிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நிவாரண அரிசியும் அப்படித்தான் வந்தது. வராமல் விட்டதும் அப்படித்தான்.

எங்களைச் சபைக்குக் கூட்டிப்போனவர் பக்கத்துக் கொட்டில் மாமி. சொந்தமில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகள், தம்பியின் வயதுக்காரி. அம்மாவின் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஒரே பெண் மாமிதான் என்று நினைக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு எரிந்த நாட்களும் உண்டு.

மாரி தொடங்கியதும் மலேரியா வந்தது. தம்பிக்கும் மாமியின் மகளுக்கும் ஒன்றாகவே காய்ச்சல் பிடித்தது. அப்பா தம்பியைச் சைக்கிளின் முன்னால் வைத்து, மகளை அணைத்தபடி மாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு உழக்கினார். அம்மாவும் நானும் சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தோம். சண்டையால் பாதை பூட்டிக் கிடப்பதால் மருந்து வரவில்லை என்றார்கள். இருந்த குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தார்கள். பாஸ்டர் வந்தார். பிள்ளைகள் இருவரும் ஒரே பாயில் கிடந்ததால், இரண்டு தலையிலும் இரண்டு கையை வைத்து ஒரே ஜெபமாகச் செய்தார்.

அடுத்தநாள் காலை மாமியின் மகள் கஞ்சி கேட்டாள். தம்பிக்கு வலிப்பு வந்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டான்.

அப்பா சபைக்கு வராதவர். எங்கள் கொட்டிலின் ஒரு மூலையில் அவருடைய முருகன் படம் இருந்தது. தம்பிக்குக் குழி வெட்டியவர் அவர்தான். பாஸ்டர் ஜெபித்து முடியும்வரை தள்ளி நின்றுவிட்டு, பிறகு வந்து மண்ணின் மேல் ஒரு சிட்டிகை திருநீறு தூவினார். பாஸ்டர் காணாதவர்போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிறு அம்மா சபைக்கு வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா வந்தார். எங்களைக் கண்டதும் மாமி மகளை இழுத்துச் சேலைத் தலைப்பால் மூடினார். சாட்சி நேரம் வந்தபோது மாமி தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களும் எழும்பவில்லை. மழை தறப்பாளில் அடித்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் பிரசங்கத்துக்குப் போவதற்கு வேதாகமத்தைத் திறந்தார். அப்போது அம்மா எழும்பினார்.

"இவங்க புள்ளைக்குக் காய்ச்ச விட்ருச்சு," என்றார். "கஞ்சி குடிக்குது, நல்லா நடக்குது. நான் இங்க இருக்கேன்னுதான் இவங்க வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. அதான் நான் சொல்றேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி எழும்பி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. எனக்கோ கோபம் கோபமாக வந்தது. எங்களுக்கு வரவேண்டியது தவறிப்போய் அவர்களுக்குப் போயிருக்கிறது, அதற்கு நன்றியும் நாங்களே சொல்வதா?

பின்னேரம் பாஸ்டர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். அம்மா பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொடுத்தார். இவ்வளவு கால ஊழியத்தில் இப்படியொரு சாட்சியைத் தான் கேட்டதில்லை என்றும், இந்த விசுவாசமே அம்மாவுக்குக் கிடைத்த பெரிய கிருபை என்றும் பாஸ்டர் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க புள்ளைக்கு நடந்தது கிருபைன்னா," என்றார் மெதுவாக, "எம் புள்ளைக்கு நடந்ததுக்கு என்னா பேருங்கய்யா?"

பாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். எதைக் கேட்டாலும் வசனத்தோடு பதில் சொல்கிறவர் அவர்.

"எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி," என்றார்.

ஜெபம் செய்யாமலே எழும்பி மழைக்குள் நடந்து போனார். எந்த வீட்டிலிருந்தும் அவர் அப்படிப் போனதை நான் கண்டதில்லை.

அதன் பிறகும் அம்மா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஆனால் பாட்டுக்கு வாய் அசைக்கவில்லை, ஜெபத்துக்குக் கண் மூடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். அவருக்காக நானும் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டேன். அம்மாவின் கண் பாஸ்டரிடம் போகவே இல்லை. முன்வரிசையில் மாமியின் மகள் காலை நீட்டுவாள், கொட்டாவி விடுவாள், மாமியின் தோளில் சாய்ந்து நித்திரையாவாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். பிரசங்கத்தைக் கவனிக்கச் சொல்லி நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுப்பேன்.