தங்கச்சிக்குச் சொல்லாத சம்பளம்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், ஒரு மூன்றாம் மாடியில் நான் தனியாக இருக்கிறேன். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தபோது, என்னைப் பார்த்துக்கொள்வதற்காகத் தங்கச்சி தன் உணவக வேலையை விட்டுவிட்டு வந்தாள். அப்போது அவள் வன்னியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான்; பிரெஞ்சு தெரியாது. கணவனும் மகளும் இன்னும் அங்கேதான்.

ஒருநாள் சமூக உதவி அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அரசு தரும் பராமரிப்புப் பணத்தில் தங்கச்சிக்கே சம்பளம் கொடுக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூடப்பிறந்தவளுக்குக் கூலியா? அவள் வாங்கமாட்டாள் என்று நானே பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டேன்.

தேநீரோடு வந்த தங்கச்சி, "என்னவாம் அண்ணை?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. கடுதாசி விசயம்."

சில மாதங்களில், கூடப்பிறந்தவர்களுக்கும் அந்தச் சம்பளம் உண்டென்று கோயிலில் யாரோ சொல்லி, அந்தப் பெண்மணி வந்த காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று எனக்குச் சவரம் செய்து, சோப்பு நுரையை முழுக்கத் துடைத்த பிறகே வாய் திறந்தாள்.

"காசுக்காக இல்லை அண்ணை. பிள்ளையை இஞ்சை கூப்பிட, எனக்குச் சம்பளம் வருதெண்டு காட்டுற சம்பளத்துண்டு விசாக் கந்தோரிலை கேக்கினம். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அடுத்த மாதம் விமான நிலையத்தில் துப்புரவு வேலை எடுத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்து ஊரான கூசேன்வில்லுக்குப் போய்விட்டாள்.

இப்போது அதே பணத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, கையுறை போட்டுக்கொண்டு எனக்குச் சவரம் செய்கிறார். மாத முடிவில் அவருடைய வேலைநேரத் தாளில் இடக்கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஞாயிறுகளில் தங்கச்சி எனக்குப் போன் எடுத்துப் பேசுவாள்.

"சாப்பிட்டியளோ அண்ணை?"

"ஓம்" என்பேன். மகள் எப்போது வருகிறாள் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.