உப்பில்லாத முறுக்கு

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு முறுக்கு வாங்கத் திண்டுக்கல்லில் ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்த அவர், மூன்று பெண்களை வைத்து வீட்டிலேயே தொழில் நடத்தினார். ஒவ்வோர் ஈட்டிலும் முதல் முறுக்கை அவர்தான் கடித்துப் பார்ப்பார். அன்றும் கடித்தார்.

"உப்பே இல்ல! யாருடி மாவு பெசஞ்சது?"

"நீங்கதேன்க்கா!" என்று மூவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பரவாயில்லக்கா, இதையே குடுங்க. நத்தம் பஸ் போயிரும்," என்றேன்.

"போகட்டும் அப்பு. செத்த நேரம் இரு, புதுசாப் பெசஞ்சு தாரேன். யாரு தப்புன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடணும். அதேன் இங்க சட்டம்."

பேருந்து போயே விட்டது. நானும் உட்கார்ந்து பிழிந்தேன். என் முறுக்கின் கோணலைப் பார்த்து நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் மேலாளரின் தப்பை அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை. அந்தப் பெண்களுக்கு மட்டும் அந்தத் துணிச்சலை அக்கா எப்படி ஊட்டினாரோ!