நொச்சித் தழை கொடுத்தவர்

பெருநகர் என்ற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண். நடவு வயலின் சேறு கணுக்காலில் காய்ந்திருந்தது. மடியில் ஒரு கட்டு நொச்சித் தழை. இருமல் வரும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்தி, என் மேல் படாமல் வெளியே திரும்பிக்கொள்வார்.

"ஆவி பிடிக்கவாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. வூட்ல எல்லாருக்கும் சளி. வூட்டுக்காரரு, மாமியாரு, பசங்கன்னு ஒவ்வொருத்தரா போர்வைக்குள்ள குந்துவாங்க. என் முறை வர்றதுக்குள்ள தண்ணி ஆறிப்பூடும்."

"திரும்பக் கொதிக்க வைக்கலாமே?"

"வெக்கலாம். குந்த நேரம் எங்க கீது? அந்தத் தண்ணியிலயே பாத்திரம் கயுவிடுவேன்."

உத்திரமேரூர் வந்தபோது நான் தும்மினேன். அவர் தழைக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி உருவி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாலையில் போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவருடைய முறைக்கு முன்னால் நானும் ஓர் ஆளாகப் புகுந்திருக்கிறேன்.