எல்ம்ஃபோர்டு வங்கியின் வெள்ளிப் பீப்பாய்

ஓபேத் டட்டன் பொய் பேசி யாரும் கேட்டதில்லை என்று எல்ம்ஃபோர்டில் சொல்வார்கள். அதற்குப் பாதிக் காரணம் நல்ல மனசு. மீதிப் பாதி, அவன் ஒரு பொய்யை ஜோடித்து முடிப்பதற்குள் கேட்க வந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவான்.

அமெரிக்காவின் கிழக்கே வெர்மான்ட் மலையில், கல்லை உழுது கல்லையே அறுக்கிற குடும்பத்தில் பிறந்தவன். அந்த மலையில் பாறைச் சந்துக்குள் இருக்கும் புல்லை மேய்வதற்கு ஆடுகளின் மூக்கைச் சாணைபிடித்துத்தான் விடவேண்டும். அப்பன் செத்து அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது ஓபேத்துக்கு வந்தது ஒரு தோல்பை நிறைய ஸ்பானிய வெள்ளிக்காசு. பையை மாவுப் பெட்டிக்குள் புதைத்து, பெண்டாட்டி லவீனாவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மிச்சிகனில் எல்ம்ஃபோர்டு ஊரை ஒட்டிய காட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அங்கே மண் கறுப்பு. காலை ஊன்றி நின்றால் கால்விரல் வேர்விடும். ஓபேத் ஓக் மரங்களை வெட்டிச் சாய்த்தான், லவீனா கிளைகளை எரித்தாள். வீடு எழுந்தது, வேலி எழுந்தது, கோதுமை எழுந்தது. ஒன்றுதான் பாக்கி. நிலம் இன்னும் அரசாங்கத்துடையது. அளந்து விற்பனைக்கு விடும் நாளில், நில அலுவலகத்தில் பணத்தைக் கட்டிப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை, அங்கே ஓபேத் வியர்வை சிந்தினான் என்பதற்குச் சாட்சி கொசு மட்டும்தான். வேறு எவனாவது முந்திக்கொண்டு கட்டிவிட்டால் நிலம் அவனுக்கு. பணமும் காகிதமாக இருக்கக்கூடாது. வெள்ளி, இல்லாவிட்டால் பொன்.

விற்பனைக்கு விட்ட அதே 1837-இல்தான் கிழக்கே நியூயார்க்கில் வங்கிகள் கதவைச் சாத்தின. நோட்டைக் கொடுத்தால் நாணயம் கிடையாது என்று கையை விரித்தார்கள். செய்தி எல்ம்ஃபோர்டுக்கு வருவதற்கு முன்பே நாணயமெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டது. காலுறைக்குள், கிணற்றுக்கல்லுக்கு அடியில், செத்துப்போன பாட்டியின் சவப்பெட்டிக்குள் என்றுகூடச் சொன்னார்கள். ஓபேத் நில அலுவலகத்துக்குப் புறப்பட்டிருக்க வேண்டிய மாதத்தில் குளிர்காய்ச்சல் வந்து படுத்தான். நடுக்கம் எப்படியென்றால், கட்டிலே ஊர்ந்து வாசல்வரை போய்விடும். லவீனாதான் தினம் பழைய இடத்துக்கு இழுத்துப் போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கர்னல் ட்ராஸ்க் பார்க்க வந்தார். எந்தப் போரில் கர்னலானவர் என்று கேட்டால், கேட்டவன் வாயில் ஒரு சுருட்டைச் செருகிவிடுவார். எல்ம்ஃபோர்டில் அவர் புதிதாக ஒரு வங்கி திறந்திருந்தார். இன்னும் இரண்டு ஊர்களில் அவருடைய கூட்டாளிகள் திறந்திருந்தார்கள். ஒரு கரடி குகையை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்குள் அங்கே ஒரு வங்கி திறந்திருக்கும், அப்படிப்பட்ட காலம்.

"ஓபேத்து, உன் வெள்ளிய வீட்டுல வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கறியாமே?"

"காய்ச்சல்ல முழிச்சுக் கிடக்கறேன் கர்னலய்யா."

"எல்லாம் ஒண்ணுதான். எங்கிட்டக் குடு. பனிக்காலம் முடிஞ்சதும் வட்டியோட வாங்கிக்க. இப்ப இருக்கிற நெலமையில எவன் வந்து ஒன் நெலத்தை வாங்கப் போறான்? அவனவன் சட்டைப் பித்தானை வித்துத் தின்னுக்கிட்டிருக்கான்."

லவீனா அடுப்பைக் கிளறிக்கொண்டே, "கண்ணுக்கு மறைஞ்ச காசு காசாங்க?" என்றாள்.

கர்னல் சிரித்தார். "கண்ணுக்கு மறையாதும்மா. ஒன் வீட்டுக்காரனே அதுக்குக் காவல். வங்கிப் பீப்பாயை வண்டியில ஏத்தி எறக்க எனக்கு ஒரு யோக்கியமான ஆள் வேணும். வாராவாரம் அவனே கையால தொட்டுப் பாத்துக்கட்டும்."

ஓபேத் அதில்தான் விழுந்தான். தன் பணத்தைத் தானே சுமக்கலாம் என்றால் அதைவிடப் பத்திரம் உலகத்தில் ஏது? வெள்ளியைக் கொடுத்து, கர்னல் கையெழுத்திட்ட காகிதத்தை வாங்கி, லவீனாவின் வேதப்புத்தகப் பெட்டியில் வைத்தான்.

வங்கி என்றால் இவ்வளவு வெள்ளியாவது இருப்பில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதைப் பார்க்க ஒரு கமிஷனர் ஊர் ஊராக வருவார். அவர் கூட்டாளிகளின் ஹிக்கரி சமவெளி வங்கிக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் அவருக்கு முன்னால் பீப்பாய் அங்கே போய்விடும். அவர் அங்கே விருந்து சாப்பிட்டு வாய் துடைப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். வண்டி ஓட்டியது ஓபேத். இதில் கள்ளம் இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

சத்திரம் நடத்திய மெகிட்டபேல் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏன்யா ஓபேத்து, மூணு வங்கிக்கும் ஒரே பீப்பாய்தானா?"

"நம்ம பாதிரியாரு ஒருத்தர்தானே குதிரையில போயி மூணு ஊருக்கும் பிரசங்கம் பண்றாரு. மூணு ஊருக்கும் மோட்சம் கெடைக்கலியா?"

"எனக்கு இன்னும் கெடைக்கல. ஒனக்குக் கெடைச்சா சொல்லி அனுப்பு."

அவள் முன்னாலேயே பீப்பாயை ஒற்றை ஆளாகத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினான். சத்திரத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த அளவுப் பீப்பாய் முழுக்க வெள்ளியாக இருந்தால் இரண்டு எருதுகள் கட்டினாலும் அசைவது சிரமம். கை தட்டியவர்களில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை, ஏனென்றால் ஒருவனும் அவ்வளவு வெள்ளியைத் தூக்கிப் பார்த்ததில்லை. ஓபேத்தோ தன் புஜத்தைப் பார்த்துப் பூரித்துப் போனான். வீட்டுக்கு வந்து லவீனாவிடமும் சொன்னான். "இப்பல்லாம் எனக்குப் பலம் கூடிருச்சுடி."

"காய்ச்சல்காரருக்கு எப்படிங்க பலம் கூடும்?"

"காட்டுக் காத்து."

தை பிறந்திருக்கும் காலம், உறைபனி. வாயிலிருந்து விழுந்த சொல் தரையில் உறைந்து கிடக்கும். எதிரில் இருப்பவன் பொறுக்கி எடுத்து அடுப்பருகே வைத்தால்தான் என்ன சொன்னோம் என்று கேட்கும். அந்தக் குளிரில் நியூயார்க் மாநிலத்திலிருந்து லைமன் ஹோய்ட் என்று ஓர் இளைஞன் நிலம் தேடி வந்து மெகிட்டபேலின் சத்திரத்தில் இறங்கினான். இடுப்புக் கச்சையில் பொன் தைத்து வைத்திருந்தான். ஓபேத்தின் கோதுமை வயலைப் பனிக்கு மேலாகவே இரண்டு முறை சுற்றி வந்தான்.

"அந்தப் பையன் ஒங்க ஓடை எங்க ஓடுதுன்னு கேட்டான்" என்று மெகிட்டபேல் லவீனாவிடம் சொன்னாள். "சும்மா கேக்கற கேள்வியா அது?"

லவீனா அன்றே புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "வட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நம்ம காசைக் கேட்டு வாங்குங்க. நாளைக்கே நில ஆபீசுக்குப் போங்க."

ஓபேத் கேட்டான். கர்னல் அவன் தோளில் கை போட்டார். "இந்த ஒரு தடவை ஹிக்கரி சமவெளிக்குக் கொண்டுபோயிடு. கமிஷனர் பாத்துட்டுப் போகட்டும். அங்கயே ஒன் பங்கை எண்ணிக் குடுத்துடறேன்."

விடிந்ததும், சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை பூட்டிய பனிவண்டி கிளம்பியது. நதிக்கரை இறக்கத்தில் பனிக்குள் மறைந்திருந்த அடிமரத்தில் சறுக்குக்கட்டை மோதியது. வண்டி சாய்ந்தது. பீப்பாய் உருண்டு பாறையில் இடித்து, மேல்வளையம் தெறித்து, மூடி பிளந்தது.

முதலில் வெள்ளி சிதறியது. பின்னால் வந்தது ஆணி. கூரைக்கு அடிக்கிற ஆணி, லாட ஆணி, துருப்பிடித்த ஆணி, நடுநடுவே உடைந்த ஜன்னல் கண்ணாடி.

ஓபேத் பனிக்கட்டியில் உட்கார்ந்துவிட்டான். குதிரைகள் திரும்பிப் பார்த்து மூச்சுவிட்டன. வெகுநேரம் அவன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பலம் கூடிவிட்டது என்றானே, அந்தக் கையை.

பிறகு குனிந்து பொறுக்கத் தொடங்கினான். வெள்ளியைத் தொப்பியில் போட்டான். ஒரு நாணயத்தின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது. அவன் அப்பன் கடித்துப் பார்த்த பல். அந்தக் கிழவன் யாரிடமும் கடிக்காமல் காசு வாங்கியதில்லை. தொப்பியில் இருந்தது முழுப்பணம் இல்லாவிட்டாலும், வீடும் ஓடையும் கோதுமையும் இருக்கிற பாதி நிலத்துக்குக் கட்டப் போதும். அந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. இடப்பக்கம் போனால் நில அலுவலகம். வலப்பக்கம் ஹிக்கரி சமவெளி.

இடப்பக்கம் இரண்டடி நடந்தும் பார்த்தான். ஆனால் கர்னல் கொடுத்த காகிதம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வெள்ளியை எடுத்தால் அதற்குப் பெயர் என்ன? வெர்மான்டில் அதற்கு ஒரே பெயர்தான். வெள்ளியில் மற்றவர்களுடையதும் கலந்திருக்குமே. இன்னொன்றும் நினைத்தான், அதுதான் அவனைக் கடைசிவரை அரித்தது. கமிஷனர் இந்த ஒரு தடவை ஏமாந்துவிட்டால் வங்கி நிற்கும், கர்னல் வாக்குக் காப்பாற்றுவார், தனக்கு முழுப்பணமும் வந்துவிடும்.

ஆக, பொய் பேசத் தெரியாத ஓபேத் டட்டன் ஆணிகளைப் பொறுக்கிப் பீப்பாயில் போட்டான். கண்ணாடி விரலைக் கிழித்தது. மேலே வெள்ளியை ஒரு காசு குறையாமல் அழகாகப் பரப்பினான். வளையத்தைக் கல்லால் தட்டி இறுக்கினான். வலப்பக்கம் ஓட்டினான்.

ஹிக்கரி சமவெளியில் கர்னல் முன்பே வந்து காத்திருந்தார், பக்கத்தில் கமிஷனர், சளி பிடித்த ஒல்லி மனிதர். வழக்கமாக மேலே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர், அன்று மூடியில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டார்.

"இது என்னப்பா?"

ஓபேத் வாயைத் திறந்தான். பொய் வரவில்லை. மெய்யும் வரவில்லை.

கமிஷனர் கைத்தடியை வெள்ளிக்குள் குத்தினார். நங்கென்று சத்தம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கைவரை விட்டு, ஒரு பிடி ஆணியோடு வெளியே எடுத்தார்.

"கர்னல், இதுல எத்தனை டாலருங்க?"

"இரும்பும் சொத்துதானே ஐயா" என்றார் கர்னல். சொல்லிக்கொண்டே கோட்டை மாட்டினார். சுருட்டு வாங்கி வருவதாகச் சொல்லிப் பின்வாசல் வழியாகப் போனவர், கனடாவில் வாங்கப் போனாரோ டெக்சாசில் வாங்கப் போனாரோ, திரும்பி வரவே இல்லை.

வெள்ளிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஓபேத், "ஐயா, அதுல எங்கப்பா பல்லுத்தடம் இருக்கு" என்றான்.

"கோர்ட்டுல சொல்லுப்பா. எல்லாருக்கும் பங்கு பிரிக்கும்போது ஒனக்கும் வரும்."

"எப்ப வருங்க?"

கமிஷனர் மூக்கைச் சிந்தினார். அதுதான் பதில்.

வீட்டுக்கு வந்து லவீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நதிக்கரையில் நடந்ததையும் மறைக்கவில்லை. அவள் சோளரொட்டியைத் திருப்பிப் போடக் கரண்டியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"தொப்பியில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஓடைக்கும் வீட்டுக்கும் காணும்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் திரும்பக் கொட்டினீங்களா?"

"நம்மது மட்டும் இல்லியே லவீனா."

"ஆணிய யாருதுன்னு நெனச்சுப் பொறுக்கினீங்க?"

ரொட்டி கருகியது. இருவரும் எடுக்கவில்லை.

வெள்ளி கடன் கேட்டு ஊரெல்லாம் அலைந்தான். கர்னலின் காகிதத்தை நீட்டினால் மெகிட்டபேல்கூட, "அடுப்பு பத்தவைக்கவாவது ஆகுமா?" என்று கேட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாட்டை விற்கலாம் என்றால் வாங்குகிறவன் கையிலும் காகித நோட்டுதான். பனி உருகுவதற்கு முன்னால் லைமன் ஹோய்ட் நில அலுவலகத்தில் பொன்னைக் கட்டிப் பெயர் எழுதிக்கொண்டான்.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வாசலில் வந்து நின்றான். "நீங்க போகணும்னு நான் சொல்லல அண்ணே. நீங்க பாட்டுக்கு இருங்க. எனக்கும் வேலைக்கு ஆள் வேணும்."

போக இடமும் இல்லை. ஓபேத் கூலிக்கு நின்றான். தான் போட்ட வேலியைத் தானே செப்பனிட்டான், ஹோய்ட்டின் உத்தரவுப்படி. கோடையில், பனிக்கு முன் தான் விதைத்த கோதுமையைத் தானே அறுத்தான். அப்படி ஒரு விளைச்சலை அந்தப் பக்கம் கண்டதில்லை என்றார்கள். கதிரின் கனத்தில் தாள் வளைந்து தரையைத் தொட்டது.

அறுப்பு முடிந்த அன்று ஹோய்ட் கூலியோடு ஒரு மூட்டை மாவும் அனுப்பினான். ஓபேத் அதை மேசையில் வைத்தான்.

"புதுக்கோதுமை" என்றான்.

லவீனா மூட்டையைத் தொடவில்லை. சோள மாவுப் பாத்திரத்தை எடுத்து வந்து, வழக்கம்போலப் பிசைய ஆரம்பித்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, அவள் பிசைந்து முடிக்கிற வரைக்கும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் காத்திருந்தான். அவள் அந்தத் தொப்பி வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோதுமை ரொட்டியும் அந்த வீட்டில் சுடவில்லை.