ஹாரன் இல்லாத ஆடி மாதம்

ஸ்கூட்டரைத் தெருவில் இறக்குவதற்கு முன் நான் தினமும் ஒருமுறை ஹாரனை அடித்துப் பார்ப்பேன். மகன் புத்தகப்பையோடு பின்னால் ஏறுவதற்குள் அது நடந்துவிடும். அரியலூரில் நாங்கள் குடியிருக்கும் தெரு குறுகலானது. எதிர்வீட்டுக்காரர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார் என்று என் கணவர் சொல்வார். மாதம் ஒருமுறையாவது பேட்டரியைக் காட்ட மெக்கானிக்கிடம் போய் நிற்பேன். "அக்கா, இது சீல் பண்ணது, இதுக்கெல்லாம் தண்ணி ஊத்த வேண்டியதில்ல" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். "சும்மா மீட்டர் வச்சுப் பாருங்களேன்" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். வைத்துப் பார்ப்பார். நன்றாகத்தான் இருக்கும். அப்படியும் வீடு திரும்பும் வழியில் ஆள் இல்லாத இடத்தில் ஒருமுறை அடித்துப் பார்ப்பேன்.

இது அளவுக்கு மீறிய பயம்தான். தெரிந்தும் விட முடியவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சோப்பு, பிஸ்கட் ஏஜென்சி ஒன்றில் விற்பனையாளர். தினமும் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அரியலூர் ரோட்டில் உள்ள கடைகளில் ஆர்டர் எடுத்துக்கொண்டே போய், பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்புவார். அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்ததுபோல் ஓடும். அப்பா வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா அதைத் துடைத்துவிடும்போதெல்லாம் அன்றைக்கு எத்தனை லாரி உரசிக்கொண்டு போனது என்று கேட்பாள். அப்பா சிரித்து மழுப்புவார்.

பைக்கின் பக்கவாட்டு மூடிக்குள் பேட்டரி இருந்தது. வெள்ளைப் பெட்டி. உள்ளே இருக்கும் நீர் வெளியே தெரியும். பெட்டியின்மேல் இரண்டு கோடுகள் இருக்கும். நீர்மட்டம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அதற்கென்று கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கோடையில் அப்பா அதை மறந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது பார்த்தால் நீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. கடை பூட்டியிருந்தது. தண்ணீர்தானே வேண்டும் என்று அம்மா வீட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டிக் கொடுத்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிக் கொடுப்பாளோ அப்படி. அப்பா அதை ஊற்றினார்.

கொஞ்ச நாளில் ஹாரன் சத்தம் தேய்ந்து கொசு ரீங்காரம்போல் ஆனது. பிறகு அதுவும் நின்றது.

மெக்கானிக் கடைக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். அவர் பேட்டரியைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"தகடெல்லாம் வெள்ளை பூத்துப் போச்சு சார். என்னத்த ஊத்துனீங்க?"

"வீட்டுத் தண்ணிதான். நல்லா காய்ச்சி வடிகட்டி ஊத்துனேன்."

"பேட்டரிக்கு என்ன சார், காய்ச்சலா?"

அப்பாவும் சிரித்துவிட்டார். கிக்கரை உதைத்தால் வண்டி ஓடும், முன்விளக்கும் எரியும், ஆனால் ஹாரனும் இண்டிகேட்டரும் இனி வராது, சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது, புதுசுதான் போட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து காய்ச்சல் கதையை அம்மாவிடம் சொல்லி மறுபடி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்குப் புதுசு வாங்கிடறேன்" என்றார் அப்பா.

"ஆடி பொறந்துருச்சுங்க."

"அதுக்கு?"

"ஆடியில யாராச்சும் புதுசு வாங்குவாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

"பேட்டரிய என்ன சீர்வரிசையிலயா வைக்கப் போறோம்?"

"எதுவா இருந்தா என்னங்க, வூட்டுக்குள்ள வர்ற புதுசு புதுசுதானே. வண்டிக்குப் போடறது. நீங்க லாரி ரோட்டுல போறவரு. எனக்கு மனசு ஒப்பல."

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவின் மனசு ஒப்பாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டு நாள் முழுக்க ரோட்டில் இருக்க அவருக்கும் மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. இதை நானாகத்தான் சொல்கிறேன். வெறும் சோம்பலாகவும் இருந்திருக்கலாம். எப்படியோ, செத்த பேட்டரி வண்டியிலேயே இருந்தது.

ஹாரனாக நான் ஆனது தற்செயலாகத்தான். பள்ளிக்கூடம் போகும்போது அப்பா என்னைப் பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார வைத்துக்கொள்வார். ஒருநாள் முன்னால் ஒரு சைக்கிள்காரர் நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தார். அப்பாவின் கட்டைவிரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது. சத்தம் இல்லை. நான் "ஓரம்! ஓரம்!" என்று கத்தினேன். சைக்கிள் ஒதுங்கியது.

"அட, நம்ம வண்டிக்கு ஹாரன் வந்துருச்சே" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் என் முதுகில் விரலால் தட்டினால் நான் கத்த வேண்டும். ஒரு தட்டு என்றால் ஒருமுறை, இரண்டு தட்டு என்றால் தொடர்ந்து. டீக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே, "சார், ஹாரன் சத்தம் இன்னிக்கு ஒரு மாத்து கூடிருச்சு போல" என்பார். ஐஸ் வண்டிக்காரர் வைத்திருக்கும் ரப்பர் ஹாரனை வாங்கி மாட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தபோது, "எதுக்கு, என்கிட்ட இதைவிட நல்லது இருக்கு" என்று அப்பா என் தலையைத் தொட்டார். வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஆடி மாதம் முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மாவுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

"பாப்பா இல்லாத நேரத்துல அரியலூர் ரோட்டுல என்னங்க பண்றீங்க?"

"இருமிக்கிட்டே போறேன்."

"வெளையாடாதீங்க."

"அப்ப நாளைக்கே பேட்டரி வாங்கிடவா?"

அம்மா காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். "கிருத்திகைக்கு செட்டிகுளம் போயி முருகன்கிட்ட சொல்லிட்டு வந்துருவோம். அவன் பாத்துக்குவான்" என்றாள்.

அப்படித்தான் அரியலூர் ரோட்டுக்காக வேண்டிக்கொள்ள நாங்கள் செட்டிகுளம் ரோட்டில் போனோம்.

ஆடிக் கிருத்திகையன்று காலையில் கிளம்பினோம். டேங்கின்மேல் நான், பின்னால் அர்ச்சனைக் கூடையோடு அம்மா. பாடாலூர் வரை பெரிய ரோடு. அங்கே லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் என் குரலுக்கு வேலையில்லை. அப்பா ஓரமாகவே ஓட்டினார். பாடாலூரில் திரும்பியதும் ரோடு சின்னதாகி, இருபுறமும் உழவுக் காடுகள் வந்தன. பால்குடம் எடுத்துப் போகிறவர்களும் நடைக்கூட்டமும் இருந்ததால் என் முதுகில் தட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் கூட்டம் விலகியது. சிலர் என்னைப் பார்த்துக் கைகாட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

கூட்டம் குறைந்த ஓர் இடத்தில் முன்னால் ஒரு பெண் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். தலையில் மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தட்டைக் கட்டு. ஆளைவிட நீளமான கட்டு. தலையில் குறுக்காக வைத்ததில் இரண்டு பக்கமும் நீண்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கி, என் முதுகில் இரண்டு முறை தட்டினார்.

நான் கத்தினேன்.

ஹாரன் சத்தம் கேட்டிருந்தால் அவர் திரும்பாமலே இடதுபுறம் இரண்டு எட்டு வைத்திருப்பார். அந்த ரோட்டில் நடக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அவர் நின்றார். நின்று, சட்டென்று முழு உடம்போடு திரும்பினார். அவரோடு கட்டும் திரும்பியது. அதன் முனை வாசல் கதவு சாத்துவதுபோல் ரோட்டின் குறுக்கே வந்தது.

அப்பா பிரேக்கை அழுத்தினார். ஹேண்டிலில் தட்டை சிக்கி, வண்டி அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் நின்றது. ரோட்டோரத்தில் உழுது கிடந்த மண்ணில் நாங்கள் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அம்மாவுக்கு அதுவுமில்லை. அந்தப் பெண் தார் ரோட்டில் விழுந்திருந்தார். கட்டு அவர் இடுப்பின்மேல் கிடந்தது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் கட்டைத் தூக்கி எறிந்தார். அந்தப் பெண் எழ முயன்றார். ஒரு கால் மட்டும் சொன்னபேச்சுக் கேட்காமல் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"ஏன் சார், ஹாரன் அடிக்கக் கை வலிக்குதா ஒனக்கு?" என்று ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"குடும்பத்தோட சாமி கும்பிடப் போற மூஞ்சியப் பாரு" என்றாள் இன்னொருத்தி.

வெங்காய மூட்டை ஏற்றிப்போன ஒரு லோடு வண்டியை நிறுத்தி, மூட்டைகளின்மேல் சாக்கை விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள். அம்மா ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அர்ச்சனைத் தேங்காய் அந்த மண்ணிலேயே கிடந்தது.

பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். வெளியூரில் வேலையில் இருந்த அவர் மகன் மறுநாள் வந்தான். மீசை சரியாக முளைக்காத வயதுதான் இருக்கும். வராந்தாவில் அப்பாவின் எதிரில் நின்று ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஹாரன் அடிச்சீங்களா?"

"வண்டியில ஹாரன் இல்லப்பா. பேட்டரி போயிருச்சு."

"ஏன் மாத்தல?"

"நாந்தான் தம்பி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"எனக்குத்தான் சோம்பல். நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்" என்றார் அப்பா.

"ஒங்க சோம்பலுக்கு எங்கம்மா காலா?"

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்திச் சொல்ல வைக்கிற அம்மா இதைத் திருத்துவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வந்தார். ஆவணி பிறந்தது. நல்ல நேரம் பார்த்துப் புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினார்கள். அம்மா அதற்கு மஞ்சள் வைக்கவில்லை. ஹாரன் தெருவே அதிரும்படி கத்தியது. என் வேலை போய்விட்டதே என்று நான் அழுதேன். அடிபட்ட பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்து அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. படுத்த படுக்கையாக இருந்து, முதுகில் புண் வைத்து, அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா இன்றுவரை ஆடியில் எதையும் வாங்காதே என்று யாரிடமும் சொன்னதில்லை. யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் மட்டும் அன்று தடுக்காமல் இருந்திருந்தால் என்று சில சமயம் எனக்குத் தோன்றும். மெக்கானிக்கைக் கேட்டுத் தண்ணீரை ஊற்றியிருந்தால், அப்பா அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்றும் தோன்றும். எதை மாற்றினால் போதும் என்று கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அந்தப் பெண்ணை நான் விபத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன், ஆஸ்பத்திரியில். அம்மா தினமும் கஞ்சி எடுத்துப் போவாள். அன்று பள்ளி விடுமுறை, என்னையும் அழைத்துப் போனாள். அவர் காலில் கயிறு கட்டி, கட்டிலுக்கு வெளியே எடை தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா கரண்டியால் ஊட்டினாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளதானா அன்னிக்குக் கத்துனது?"

அம்மா தலையாட்டினாள்.

"ஒனக்கு எங்கயும் அடிபடலையே கண்ணு?"

"இல்ல. இங்க மட்டும்" என்று முழங்கையைக் காட்டினேன். காய்ந்த தோலை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"பின்னால புள்ள சத்தம் கேட்டுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். "யாரு பெத்த புள்ளயோ, வண்டி போற ரோட்டுல தனியா மாட்டிக்கிச்சோ என்னமோன்னு பதறித் திரும்பிட்டேன். தலையில கட்டு இருக்கறதே மறந்துபோச்சு."

அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய், டீச்சர் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னேன்.

"அது தனியா இருக்கற புள்ள இல்ல. நான் ஹாரன். ஹாரன் கேட்டா திரும்பக்கூடாது. ஓரமாப் போயிரணும்."

அவர் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "சரி கண்ணு. இனிமே ஓரமாவே போறேன்" என்றார்.

தெரியாததால்தான் இப்படி ஆகிவிட்டது, இப்போது சொல்லியாகிவிட்டது, இனி அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொன்னால் அம்மாவும் சந்தோஷப்படுவாள் என்று வராந்தாவுக்கு ஓடினேன்.