சூடேறி அணைந்த கம்ப்யூட்டர்

அனிமேஷன் படிக்கும் மகளுக்காக, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். அது சற்று நேரம் ஓடும், சூடாகும், அணைந்துவிடும். மறுநாள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய குறும்படத்தை அவள் அதில்தான் முடிக்க வேண்டும்.

மலைக்கோட்டைப் பக்கத்துக் கடைக்காரர் பழைய பிராசஸரை என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவுகட்டிப் போன் செய்தேன்.

"சார், சீல் பிரிச்சதே நீங்கதானே," என்றார்.

"சீல் ஒட்டத் தெரியாதவரா நீங்க?"

"கொண்டு வாங்க சார், பார்த்துடலாம்."

இவ்வளவு பணிவாகப் பேசுகிறவர் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும். சாட்சியத்தை எடுத்துப்போக, பிராசஸரின் சூட்டை இழுக்கும் கூலரைக் கழற்றினேன். அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே பளபளத்தது. சூடு வெளியேற வழியே இல்லை.

"ஏம்ப்பா இதை உரிக்கல?" என்றாள் மகள்.

"புதுசாச்சே, கீறல் விழுந்துடுமேன்னு..."

"உள்ள வந்து யாருப்பா பார்க்கப் போறா?"

சோபாவின் பிளாஸ்டிக் உறையையே கழற்றாத குடும்பம் எங்களுடையது. உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டினோம். நல்லவேளை, பிராசஸர் கருகவில்லை. படமும் நேரத்துக்குப் போனது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் பிளாஸ்டிக்கை உரிக்கிறேன். சந்தேகப்படுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.